எழிலரசன் அழுத்த ஒரு பட்டன்

திருப்பதி
10 பிப்ரவரி 2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்ததற்கான நீலக் குறிகூட வருவதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காவது ஒரு முறை கையில் எடுப்பாய் அல்லவா?

எழிலரசன் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. போலீஸில் புகார் கொடுத்ததோடு நான் சும்மா இருக்க முடியாது. உனக்குப் புருஷன் என்றால் எனக்கு அவன் கூடப் பிறந்த தம்பி. தறி ஷெட்டில் கூட வேலை செய்யும் பவன்குமாருக்கு இரண்டு விரல்கள் போனதற்கு அவன்தான் காரணம் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சைத் தாங்காமல்தான் போனான் என்று நீ சொல்கிறாய். இருக்கலாம். ஆனால் கடைசி நாள் உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நீ இன்னும் சொல்லவில்லை.

பக்தர்களுக்கு லாட்ஜ் அறை பிடித்துத் தரும் வெப்சைட்டில்தான் எனக்கு வேலை என்று உனக்குத் தெரியும். அதே கம்ப்யூட்டரில் அவனுக்காக ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். முதலாளி சம்மதித்தார். படம், வயது, தறி மெக்கானிக் என்ற விவரம், கடைசியாகப் புத்தூர் பஸ்ஸில் ஏறியது, எல்லாம் இருக்கிறது. கீழே ஒரு படிவமும் 'சமர்ப்பி' என்ற பட்டனும் இருக்கின்றன. பக்கத்தின் முகவரியை இந்தக் கடிதத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பு.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவன் போன பிறகு நான் நகரிக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். உன் வீட்டு ஹால் இருட்டாக இருந்தது. தடவிப் பார்த்து ஸ்விட்சைக் கண்டுபிடித்தேன். அதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. இழுத்து எறிந்தேன். அதற்கு நீ என் கையைத் தட்டிவிட்டு, "வெளிய போங்க அண்ணி" என்றாய். ஒரு டியூப்லைட்டுக்காக யாராவது இப்படிச் செய்வார்களா? அந்த ஹாலில் நான் பார்க்கக் கூடாதது என்ன இருந்தது?

பிரேமலதா


நகரி
16 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

தபாலே போதும். போனில் நீங்கள் கேட்டால் போலீஸ் கேட்பதுபோல இருக்கிறது. எழுதும்போது நானும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்ல முடிகிறது.

உங்கள் பக்கத்தை என் போனில் திறந்து, புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே டீக்கடை வைத்திருக்கும் வெங்கடம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு அவரைத் தெரியும். ஷெட்டுக்கு பேரிங் வாங்கப் போகும்போதெல்லாம் அங்கேதான் டீ குடிப்பார். அவள் படத்தைப் பார்த்தாள், கண் கலங்கினாள். விரலால் பக்கத்தைக் கீழே தள்ளினாள். உடனே போனை என் கையில் திணித்துவிட்டாள்.

"இன்னாம்மா இது, ஆதார் நம்பர் கேக்குது? நான் பாத்தேன்னு சொன்னா, என்னையே கூட்டிக்கினு போய் ஒக்கார வெச்சிடுவாங்க. எனக்கு கடை கீது, புள்ளைங்க கீதுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சமர்ப்பின்னா இன்னாம்மா, தட்சணை எதுனா வெக்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அண்ணி, உங்கள் லாட்ஜ் வெப்சைட்டையும் திறந்து பார்த்தேன். அங்கே 'இன்றைக்கு அறை இருக்கிறதா பார்' என்று பெரிதாக, பச்சையாக, கட்டை விரல் போகிற இடத்தில் வைத்திருக்கிறீர்கள். முன்பின் தெரியாத நெல்லூர்க்காரன் தொடுவதற்கு அவ்வளவு நன்றாக எழுதத் தெரிகிறது. தம்பியைத் தேடும்போது மட்டும் சமர்ப்பி, ஆதார், தகப்பன் பெயர், பின்கோடு. யாரும் தொடக் கூடாது என்று நினைத்து ஒரு பக்கம் போட்டால் அது இப்படித்தான் இருக்கும்.

நேராகவே கேட்கிறேன். அவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அதனால்தான் உங்களால் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறதா?

ஸ்விட்சைப் பற்றிக் கேட்காதீர்கள். அது என் வீட்டு ஸ்விட்ச்.

கல்பனா


திருப்பதி
21 பிப்ரவரி 2025

கல்பனா,

உன் கடிதத்தைப் படித்தேன். அவன் என் வீட்டில் இருந்தால் புத்தூர் வரைக்கும் உன்னை அலையவிடுவேனா?

ஆனால் பக்கத்தைப் பற்றி நீ சொன்னது சரி. லாட்ஜ் பற்றிப் புகார் சொல்ல எங்களிடம் ஒரு படிவம் உண்டு. அவசரத்தில் அதையே எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், புகார் அதிகம் வரக் கூடாது என்று யோசித்துச் செய்த படிவம் அது. அதையா என் தம்பிக்கு வைத்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வேலையில் முதலில் பார்ப்பது இதைத்தான். தொடப்போகிறவருக்கு, தொட்டால் என்ன ஆகும் என்று தொடுவதற்கு முன்பே தெரிய வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரைப் பார். 'பயணிகள் ஏறலாம்' என்றா கத்துகிறார்? "புத்தூரு, ரேணிகுண்ட்டா, திருப்பதி, ரண்டி ரண்டி" என்று, வாங்க வாங்க என்று தெலுங்கில் கூப்பிடுகிறார். எங்கே போகும், நான் என்ன செய்ய வேண்டும், இரண்டும் அதிலேயே வந்துவிட்டன. 'சமர்ப்பி'யில் இரண்டும் இல்லை. அதற்குமேல் நாம் கேட்பது சிறியதாக இருக்க வேண்டும். தண்ணீர் கேட்டால் தருவார்கள். முதல் பேச்சிலேயே வீட்டுச் சாவியைக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அதனால் படிவத்தை எடுத்துவிட்டேன். இப்போது ஒரே பட்டன்: 'இவரைப் பார்த்தேன், இடத்தை மட்டும் சொல்கிறேன்.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'உங்கள் பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம்.' உன் வெங்கடம்மாவிடம் மறுபடி காட்டு.

பிரேமலதா


திருப்பதி
3 மார்ச் 2025

கல்பனா,

நீ பதில் போடுவதற்குள் இரண்டாவது கடிதம். பொறுக்க முடியவில்லை.

பட்டனை மாற்றியதும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சித்தூர் மார்க்கெட், நாகலாபுரம் கோயில் வாசல், ரேணிகுண்டா பிளாட்பாரம் என்று ஊர் ஊராக வருகிறது. அப்போதும் ஒரு தவறு செய்தேன். லாட்ஜ் பக்கத்தில் 'இன்னும் இரண்டு அறைகள்தான்' என்று அவசரப்படுத்துவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 'உடனே சொல்லுங்கள், சன்மானம் உண்டு' என்று சேர்த்தேன். ஒரே நேரத்தில் என் தம்பி நான்கு ஊரில் நின்றான். சன்மானத்தை எடுத்த பிறகுதான் அடங்கியது.

அதில் ஒன்றை நம்பினேன். காளஹஸ்தி பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறார், இடது கைப் பழக்கம், என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நான் இடது கைப் பழக்கம் என்று போடவே இல்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே இருந்தவர் வேறு ஒருவர், பாவம், எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு நளினி சொல்கிறாள்: "அக்கா, நீங்க இல்லாதப்ப ஒரு பொண்ணு வந்துச்சு. நகரின்னு சொல்லிச்சு. காம்பவுண்டு மேல எட்டி எட்டி துணிக்கொடியையே பாத்துக்கினு இருந்துச்சு."

இடது கை என்று தெரிந்தவள், நகரியிலிருந்து வந்தவள், நான் ஊரில் இல்லாத நாளைச் சரியாகப் பிடித்தவள். என்னைக் காளஹஸ்திக்கு அனுப்பிவிட்டு என் வீட்டைச் சோதனை போட்டாயா கல்பனா?

பிரேமலதா


நகரி
7 மார்ச் 2025

அண்ணிக்கு,

வந்தது நான்தான். காளஹஸ்தி என்று எழுதியது நானில்லை. நீங்கள் ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இருக்கும்போதே உள்ளே வந்து பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன். இடது கைக்காரர்கள் நாட்டில் இவர் ஒருவர்தானா?

நானும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கொடியில் ஆம்பளைச் சட்டை ஒன்று காய்ந்தது. பாட்டில் பச்சை, அரைக்கை. உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள்? யாருடைய சட்டை அது?

அதைப் பார்த்த பிறகு அங்கே நிற்கத் தோன்றவில்லை. ரேணிகுண்டாவில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தபோது உங்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. சட்டைக்குப் பதில் வரும் வரைக்கும் எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதுகிறேன்.

அவரிடமும் போன் இருக்கும் அண்ணி. பழைய நம்பர் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று இருக்கும். தன் படம் ஊரெல்லாம் சுற்றுவது அவர் கண்ணிலும் படும். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அங்கே என்ன இருக்கிறது? பார்த்தவன் தொட ஒரு பட்டன். அவர் தொட என்ன இருக்கிறது? திருடனைத் தேடுகிற மாதிரி இருக்கும் அவருக்கு.

அவருக்கு ஒரு பட்டன் வையுங்கள். ஆனால் 'வீட்டுக்கு வா' என்று எழுதாதீர்கள். அதை அவர் தொட மாட்டார். கோபத்தில் இருக்கும்போது "துன்னுட்டுப் போ" என்றால் சாப்பிட மாட்டார். தட்டை வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போனால் சாப்பிட்டிருப்பார்.

கல்பனா


திருப்பதி
11 மார்ச் 2025

கல்பனா,

அது என் வீட்டுக்காரர் சட்டை. வாரத்துக்கு ஒரு முறை நனைத்துக் காயப்போடுகிறேன். தெருவில் போகிறவர்களுக்கு இது பொம்பளை தனியாக இருக்கும் வீடு என்று தெரிய வேண்டாம். நளினிதான் இந்த யோசனையைச் சொன்னாள். அந்தச் சட்டை உன்னையும் ஏமாற்றியிருக்கிறது என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இத்தனை வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். பட்டன் யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி, அதை நான் கேட்கவே இல்லை. நீ கேட்டாய்.

நிறைய எழுதிப் பார்த்தேன். 'எங்களைத் தொடர்புகொள்' கரண்டு ஆபீஸ் மாதிரி இருந்தது. 'அக்காவிடம் பேசு' என்பதை அடித்துவிட்டேன், பேசப் பிடிக்காமல்தானே போனான். 'அம்மா ஞாபகமாகக் கேட்கிறேன்' என்றுகூட ஒன்று எழுதினேன். அது கையைப் பிடித்து முறுக்குவது. அதையும் அடித்தேன். கடைசியில் நின்றது இது, நீ சொன்ன தட்டு மாதிரி:

'நான் நல்லா இருக்கேன்.'

அவ்வளவுதான் பட்டன். தொட்டால் அந்த ஒரு வரி மட்டும் எனக்கு வரும். அதன் கீழே, 'நீ எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டோம்.' அதற்கும் கீழே, எழுதத் தோன்றினால் எழுத ஒரு காலி இடம். எங்கிருந்து தொட்டான் என்று பார்க்கும் வசதியை எடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்கக் கூடாது.

சட்டைக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். ஸ்விட்சுக்கு நீ இன்னும் சொல்லவில்லை.

பிரேமலதா


திருப்பதி
19 மார்ச் 2025

கல்பனா,

நேற்று பட்டன் தொடப்பட்டது. காலி இடத்தில் எழுத்தும் வந்தது. அப்படியே தருகிறேன்:

'ஆறாம் தறியை உகாதிக்கு ஓட்டிடப் போறாங்க. ஸ்விட்ச் ஆப் பண்ணாலும் அது ஒடனே நிக்காது. மோட்டருக்குக் கீழ நூல் கட்டி வெச்சிக்கிறேன். யாரும் அவுக்க வாணாம். கட்டினவன் வந்து அவுப்பான்.'

முதல் தடவை படித்தபோது அவனேதான் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது நூல் என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

நூல். ஸ்விட்ச். இந்த இரண்டையும் சேர்த்து நான் பார்த்தது ஒரே இடத்தில்தான், உன் ஹாலில். தறி ஷெட்டுக்குள் நான் காலே வைத்ததில்லை, நைனா விட்டதில்லை. அங்கே உட்கார்ந்து நூல் சுற்றுகிறவள் நீ. பட்டன் வைக்கச் சொன்னவளும் நீ. அவனை யாரும் தேடக் கூடாது என்று உனக்கு ஏதோ காரணம் இருக்கிறது. அதற்காக அவன் பேச்சு மாதிரியே எழுதி அனுப்பினாயா? ஊரை விட்டுப் போனவன் ஒரு நலம்கூடக் கேட்காமல் தறியைப் பற்றியா எழுதுவான்?

பொய் என்றால் இப்போதே சொல்லிவிடு. இந்த நம்பிக்கையோடு ஒரு வாரம் இருந்துவிட்டு, பிறகு பொய் என்று தெரிந்தால் என்னால் தாங்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் உன் பதில் வராவிட்டால் எழுத்தையும் பட்டனையும் எடுத்துவிடுவேன்.

பிரேமலதா


நகரி
20 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எதையும் எடுக்காதீர்கள். இது தபாலில் வந்தால் தாமதமாகும் என்று திருப்பதி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் ஷெட்டுக்கு வந்தது. நாகபூஷணம் அண்ணன், எங்கள் முதலாளி, அப்போது ஆறாம் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பவன்குமாருக்கு அடிபட்ட தறி அது. அன்றிலிருந்து நின்றுபோய் இருந்தது. உகாதி ஆர்டருக்காகச் சாயந்திரம் ஓட்டுவதாக இருந்தார்.

நான் கடிதத்தோடு போய்த் தரையில் படுத்து மோட்டருக்குக் கீழே பார்த்தேன். பஞ்சும் தூசியும் அடைந்துபோயிருந்தன. கையால் விலக்கினேன். சிவப்புக் கழிவு நூல், இரண்டு சுற்று. அவர் இடது கைக்காரர் அல்லவா, அவர் போடும் முடிச்சு எப்போதும் மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் விழும். இதுவும் அப்படித்தான் விழுந்திருந்தது.

"எவன் கட்டினது இது? இத்தினி நாளா இங்கியே கீதா?" என்று கேட்டார் அண்ணன்.

"அவர் கட்டினது. அவுக்காதீங்கண்ணா."

அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார். பிறகு பிரேக்கைப் போட்டுவிட்டு, கரண்டு இல்லாமலே சக்கரத்தைக் கையால் தள்ளினார். பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது. பவன்குமார் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்று அதையே பார்த்தான். "ஆப் பண்ட்டேன், கைய வுடுன்னுதான் அண்ணன் சொல்லிச்சு. அடிபட்டப்பறம் நான்தான் அத நம்பல" என்றான். ஸ்விட்சை அணைக்காமலே தறிக்குள் கையை விடச் சொன்னார் என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி, எல்லோரும் என்று எழுதினேன். அதில் நானும் இருக்கிறேன்.

இப்போது ஸ்விட்ச்.

தறிக்குள் கை வைக்கும் மெக்கானிக் முதலில் ஸ்விட்சில் ஒரு நூலைக் கட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறான், தொடாதே என்று அதற்கு அர்த்தம். அதைக் கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். முதலாளியே ஆனாலும் இன்னொருவர் தொடக் கூடாது. இவர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் ஹால் ஸ்விட்சில் நூலைக் கட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வார். நான் பேசக் கூடாது, விளக்கும் போடக் கூடாது. கோபம் ஆறியதும் அவரே அவிழ்த்து விளக்கைப் போடுவார். அதோடு சண்டை முடிந்தது. எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

கடைசி நாள், "நீ ஒழுங்கா ஆப் பண்ணியிருந்தா அவன் விரல் போயிருக்குமா?" என்று நானும் கேட்டுவிட்டேன். காலையில் எழுந்தபோது அவர் இல்லை. ஸ்விட்சில் நூல் இருந்தது. போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டிவிட்டுப் போயிருக்கிறார், அப்படியானால் அவிழ்க்க வருவார் என்று நான் மட்டும் நினைத்துக்கொண்டேன். இதைச் சொன்னால், நூலை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயம். அந்த நூலைத்தான் நீங்கள் இழுத்து எறிந்தீர்கள். தேடி எடுத்து நானே மறுபடி கட்டினேன். ஆனால் அது என் முடிச்சு, அவருடையது இல்லை. அந்தக் கோபம்தான் எனக்கு உங்கள் மேல்.

அவர் நலம் விசாரிக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். ஒருவர் கை போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அது அவர்தான்.

பக்கத்தில் படத்தையும் 'இவரைப் பார்த்தேன்' பட்டனையும் எடுத்துவிடுங்கள். அவருடைய பட்டன் மட்டும் இருக்கட்டும். அதன் மேலே, அவர் படிக்கும்படி இதை எழுதுங்கள்:

'ஆறாம் தறி நிற்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அங்கேயும் வீட்டிலும் நூல் அப்படியே இருக்கிறது.'

வேறு எதுவும் சேர்க்காதீர்கள். வா என்று மட்டும் எழுதவே வேண்டாம்.

உகாதிக்கு நீங்கள் இங்கே வர வேண்டும். ஹால் இருட்டாகத்தான் இருக்கும். பார்த்து வாருங்கள்.

உங்கள்
கல்பனா


திருப்பதி
25 மார்ச் 2025

அன்புள்ள கல்பனாவுக்கு,

நீ சொன்னபடியே எழுதிவிட்டேன், ஒரு சொல் கூட்டவில்லை.

நேற்று மறுபடியும் பட்டன் தொடப்பட்டது. காலி இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. தொட்டது நீயா என்று இந்த முறை நான் கேட்கவில்லை.

உகாதிக்கு முதல் நாள் சாயந்திரம் வருகிறேன். டார்ச் எடுத்து வருகிறேன்.

உன்
அண்ணி